திங்கட்கிழமைப் பதிவு குறித்து மாமாவுக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, உங்கள் மாப்பிள்ளை வணங்கி எழுதுவது.

இங்கே நான் நலமில்லை. அங்கே நீங்களும் நலமாக இருக்க நியாயமில்லை. நேற்று மாலை என் அறை வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்த நீங்கள், கோப்பையைச் செருப்பு அலமாரிமேல் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். மூக்குக் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. அதனால்தான் இதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். போனையும் நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் மகள் அலுவலகப் பயிற்சி முடிந்து நாளை வருகிறாள். அவளிடம் வாயைத் திறப்பதற்கு முன் இதை முழுக்கப் படித்துவிடுங்கள் மாமா, என் குடும்பமே இந்தக் கடிதத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் என் தமிழால் வந்த வினை. கல்யாணப் பேச்சு எடுத்தபோது "மாப்பிள்ளை ஓய்வு நேரத்துல என்ன பண்றீங்க?" என்று கேட்டீர்கள். ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். வேலை விஷயத்தைத் தமிழில்தான் பேசுவது என்று கொள்கை வைத்திருப்பவன் ஆதலால், "திறந்த மூல நூலகம் ஒன்றைப் பராமரிக்கிறேன்" என்றேன். திறந்ததும் மூலமும் அடுத்தடுத்து வந்ததில் உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். மறுவாரமே நடுவில் ஓட்டை வைத்த வட்ட மெத்தை ஒன்று பார்சலில் வந்தது. நூலகம் என்றதற்காகப் பழைய வார இதழ்களை மூட்டை கட்டியும் அனுப்பி வைத்தீர்கள். மெத்தையில்தான் இப்போதும் உட்கார்ந்திருக்கிறேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் விஷயம் அதுவல்ல. ஒரு முகவரியைக் கொடுத்தால் கதவு எண் தனி, தெரு தனி, ஊர் தனி என்று பிரித்துக் கொடுக்கும் கணினி நிரல் அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் என் நூலகம்.

இப்போது பதிவுக்கு வருகிறேன், பதறாமல் படிக்கவும். நிரல் ஓடும்போது இன்னதைச் செய்தேன், இன்ன இடத்தில் தடுக்கி விழுந்தேன் என்று அதுவே எழுதி வைப்பதுதான் எங்கள் தொழிலில் பதிவு. அதற்கென்று முறையாக எதையும் வைக்காமல், "வந்துட்டேன்", "இங்கயும் வந்துட்டேன்", "ஐயோ" என்று கைக்கு வந்தபடி எழுத வைத்திருந்தேன். ஒரு பார்சல் கம்பெனி என் நூலகத்தை எடுத்துப் போட்டது. அங்கே இந்த எழுத்தெல்லாம் நேரே லேபிள் அடிக்கும் இயந்திரத்துக்குப் போய்விட்டது. முகவரிக்கு மேலே பெரிதாக "ஐயோ" என்று ஒட்டிக்கொண்டு பெட்டிகள் கிளம்பியிருக்கின்றன. ஒரு அம்மாள் பிரிக்கவே பயந்து திருப்பி அனுப்பிவிட்டாராம். ஆகவே ஒழுங்கான பதிவுச் சட்டகம், அதாவது பதிவு எழுதுவதற்கென்றே யாரோ செய்து வைத்த மென்பொருள், ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டிய நிலை. பெரிது ஒன்று, சிறிது ஒன்று, இரண்டு இருந்தன. இதைப் பற்றித்தான் நேற்று மாலை என் கூட்டாளியோடு போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். நான் இதுவரை நேரில் பார்த்திராத அந்த மனிதருக்கு இணையத்தில் குட்டித்தூக்கம் என்று பெயர்.

உங்கள் காதில் விழுந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

"பெரிசு வேணாங்க. எங்க போனாலும் ஒரு கூட்டத்தையே இழுத்துட்டு வருது. ஓயாம பேச்சு வேற, வாயை அடைக்கறதுக்குள்ள உயிர் போகுது," என்றேன் நான்.

"அப்போ சின்னதையே வெச்சுக்கறீங்களா?"

"வெச்சுக்கறேன். கேட்டாத்தான் பேசும், செலவும் இல்ல."

"பெரிசு கோச்சுக்குமே?"

"கோச்சுக்கட்டும். திங்கட்கிழமை காலையில பதிவை முடிச்சுடலாம்."

இந்த இடத்தில்தான் நீங்கள் கோப்பையை வைத்தீர்கள். மாமா, பெரிசு என்றது உங்கள் மகளை அல்ல. உங்களைச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருந்தால், சத்தியமாக உங்களையும் அல்ல. அந்தச் சட்டகத்தை நிறுவினால் பத்துப் பன்னிரண்டு வேறு மென்பொருள்களும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும், அதைச் சொன்னேன். ஓயாத பேச்சு என்றது, அது பக்கம் பக்கமாகப் பதிவு எழுதித் தள்ளுவதை. கோபித்துக்கொள்ளும் என்றது, அதைப் பாதியில் கழற்றினால் மற்றவை ஓட மறுக்கும் என்பதை. சின்னது என்பதும் ஒரு சட்டகமே, அதற்குக் கண், மூக்கு எதுவும் கிடையாது.

நீங்கள் போன பிறகு வேலையே ஓடவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா. குட்டித்தூக்கத்திடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "ஏங்க, நம்ம லைப்ரரி அடுத்தவங்க வீட்டுக்கு வேலைக்குப் போற ஆளு. எந்த நோட்டுல எழுதறதுன்னு அந்த வீட்டுக்காரங்கதானே முடிவு பண்ணணும்? நாம வாயால சொன்னாப் போதும். எழுதறதும் விடறதும் அவங்க இஷ்டம்," என்றார். எனக்குச் சுரீரென்று உறைத்தது. நூலகம் எந்தச் சட்டகத்தையும் கட்டிக்கொண்டு போகக் கூடாது. ஆகவே பெரிசும் இல்லை, சின்னதும் இல்லை. திங்கட்கிழமை எனக்கு எந்தப் பதிவும் இல்லை, இல்லவே இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அத்தைக்கு என் வணக்கம். அவரிடம் சொல்லியிருந்தால் தயவுசெய்து திரும்பப் பெற்றுக்கொள்ளவும். கோபம் தணிந்து மீண்டும் இங்கே வந்து, ஆறிப்போன அந்தத் தேநீருக்குப் பதிலாக என் கையால் ஒரு கோப்பை குடிக்கும்படி கேட்டுக்கொள்ளும்,

ஒரே ஒரு கல்யாணம் மட்டும் செய்துகொண்ட,
உங்கள் மாப்பிள்ளை.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் மகள் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள். கடிதத்தைப் பிடுங்கிப் படித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது. நம்ம கல்யாணப் பதிவுச் சான்றிதழ் ஒரு காப்பி வெச்சு அனுப்புங்க, அடங்கிடுவார்," என்றாள். "அது உன்கிட்டதானே இருக்கு?" என்றேன். "உங்ககிட்ட இல்லையா?" என்றாள். வீட்டையே புரட்டிப் போட்டோம். பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கல்யாணம் முடிந்து உங்களிடம் "பதிவு என்ன ஆச்சு மாமா?" என்று கேட்டேன். "பிரமாதமா வந்திருக்கு மாப்பிள்ளை, நாலு மணி நேரம் ஓடுது" என்றீர்கள். அரசாங்க அலுவலகம், நாலு மணி நேரம் இழுத்திருப்பார்கள் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். நீங்கள் சொன்னது கல்யாண வீடியோவை.

ஆகவே மேலே எழுதியதில் ஒரு திருத்தம். திங்கட்கிழமை காலை எனக்குப் பதிவு இருக்கிறது. நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கண்ணாடி இங்கேதான் பத்திரமாக இருக்கிறது. உங்கள் மகள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "பொண்ணு சம்மதிச்சாத்தானே பதிவு? யோசிச்சுச் சொல்றேன்," என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையே வந்து கொஞ்சம் பேசிப் பாருங்கள் மாமா. கேமராக்காரர் வேண்டாம்.