களைக்குக் காவல்

ஏரிக்கரையில் ஊதாக்கொடியில் பாதியைக் காணவில்லை.

சூப்பர்வைசர் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். நேற்று சாயங்காலம் வரை வேலி ஓரமாகக் கொழுகொழுவென்று படர்ந்து கிடந்த கொடி. இப்போது அந்த இடத்தில் குழி குழியாக ஈர மண்தான் இருந்தது.

"வாட்ச்மேன்!"

வாட்ச்மேன் பல் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"இங்க இருந்த கொடியெல்லாம் எங்கய்யா?"

"களைதானே சார்? யாரோ புண்ணியவான் பிடுங்கிட்டான் போல. நமக்கு வேலை மிச்சம்."

"வேலை மிச்சமா? யோவ், வேலையே மிச்சமிருக்காதுய்யா!"

விஷயம் இதுதான். ஏரிக்கரை பொது நிலம். அங்கிருந்த மரங்களையெல்லாம் எங்கிருந்தோ வந்த ஊதாக்கொடி சுற்றி வளைத்து நெரித்துக்கொண்டிருந்தது. அதை ஒழித்து நிலத்தைப் பாதுகாக்க அரசாங்கம் வருஷா வருஷம் நிதி கொடுத்தது. அந்த நிதியில்தான் சூப்பர்வைசர் பதவியும் வாட்ச்மேன் பதவியும் பிறந்தன. சூப்பர்வைசர் செய்த ஒரே தப்பு, வேலையைக் கொஞ்சம் ஒழுங்காகப் பார்த்துவிட்டதுதான். கொடி கிட்டத்தட்ட ஒழிந்தேபோனது. விழித்துக்கொண்டு, வேலி ஓரத்தில் மட்டும் ஒரு திட்டு விட்டுவைத்திருந்தார். தணிக்கைக்கு வரும் அதிகாரி களையைப் பார்த்தால்தான் அடுத்த வருஷ நிதி. களை இல்லையென்றால், "பிரமாதம்" என்று கை குலுக்கிவிட்டுத் திட்டத்தை இழுத்து மூடிவிடுவார்கள்.

மூடினால், சூப்பர்வைசர் பழையபடி தலைமை அலுவலகத்துக் கீழ்த்தளப் பதிவறைக்குப் போக வேண்டும். ஜன்னல் கிடையாது. தூசியில் தும்மியே பாதி ஆயுளைக் கழித்த அறை. மூச்சு என்பது இரண்டு நாசியிலும் போய்வரக்கூடிய ஒன்று என்று ஏரிக்கரைக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இந்த மரங்களை அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. பதிவறையை நினைத்த மாத்திரத்திலேயே ஒரு தும்மல் வந்தது.

"இன்ஸ்பெக்ஷன் எப்ப சார்?" என்றார் வாட்ச்மேன்.

"அடுத்த வாரம்!"

சூப்பர்வைசர் குனிந்து குழிகளைப் பார்த்தார். வேர் அறாமல், மண்ணோடு சேர்த்துப் பக்குவமாக எடுத்திருந்தார்கள்.

"இது களை பிடுங்கினவன் வேலை இல்ல. எவனோ கொண்டுபோய் வளக்கிறான்." நிமிர்ந்து வாட்ச்மேனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உன் வீட்ல தோட்டம் இருக்கா?"

"நான் மூணாவது மாடியில வாடகைக்கு இருக்கேன் சார். ஒரு தொட்டி வைக்கக்கூட ஹவுஸ் ஓனர் விடமாட்டாரு."

தோட்டம் இல்லாதவன்தான் செடிக்கு அலைவான் என்று சூப்பர்வைசருக்குப் பட்டது. அதை வெளியே சொல்லவில்லை.

அன்றே மிச்சக் கொடியைச் சுற்றிக் கயிறு கட்டி ஒரு பலகை நட்டார். 'இந்தச் செடி அரசின் பாதுகாப்பில் உள்ளது. தொடாதீர்கள்.'

அதுவரை அந்தச் செடியை யாரும் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. பலகையைப் பார்த்ததும் காலையில் நடக்க வருகிறவர்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். மூட்டுவலிக்காரர்.

"அரசாங்கம் சும்மா ஒரு செடிக்குக் கயிறு கட்டுமா? இது மூலிகைய்யா. வெளிய விட்டா மருந்துக் கம்பெனிக்காரன் பொழப்பு போயிடும்னு மறைக்கிறாங்க," என்றார் அவர்.

அடுத்த நாள் கொடியில் இலையே இல்லை. வாத்தியாரின் முழங்கால் இரண்டிலும் பச்சைப் பற்று.

சூப்பர்வைசருக்கு இப்போது ஊரிலே யாரைப் பார்த்தாலும் சந்தேகம். இஸ்திரிக்காரரின் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். பையோடு போன பெண்மணியிடம் பையில் என்ன என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போன இடத்தில், கொல்லைச் சுவரில் தளதளவென்று ஏறியிருந்தது ஊதாக்கொடி.

"மாமா, இது ஏது?"

"அதுவா மாப்பிள்ளை? தானா முளைச்சுது. ஏதாவது பறவை போட்ட விதையா இருக்கும். பூ அழகா இருக்கேன்னு விட்டுட்டேன்."

"பறவையா? மண்வெட்டி பிடிக்கத் தெரிஞ்ச பறவையா?"

மாமனாரின் முகம் சிவந்தது. "என்ன மாப்பிள்ளை, என்னைத் திருடன்கிறீங்களா? புறம்போக்குல போய்க் களை திருடணும்னு எனக்கு என்ன தலையெழுத்து? புறம்போக்குக்குப் பொண்ணைக் குடுத்ததே போதும்!"

அப்பா நிலத்தைத்தான் சொன்னார் என்று மனைவி வழியெல்லாம் விளக்கினாள். சூப்பர்வைசருக்கு அந்த விளக்கத்தின் மேலும் சந்தேகம் வந்தது.

"ஒரு களைக்காக எங்கப்பாவையே சந்தேகப்பட்டீங்கல்ல? இனிமே அந்த வீட்டு வாசப்படி ஏறிப் பாருங்க, தெரியும் சேதி!" என்று முடித்தாள் அவள்.

திங்கட்கிழமை பலகையை மாற்றினார். 'எச்சரிக்கை! விஷச்செடி!'

இனி ஒருவனும் கிட்டே வரமாட்டான் என்று நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தார். அரை மணிகூட ஆகியிருக்காது. வாத்தியார் தன் சகாக்களோடு வந்துவிட்டார். பற்றுப் போட்ட கால் என்றே தோன்றாத நடை.

"விஷச்செடியா? ஏன்யா, போன வாரம் பாதுகாக்கப்பட்ட செடின்னு எழுதினது யாரு? நான் கஷாயம் வேற வெச்சுக் குடிச்சேனே!"

"குடிச்சீங்களா? உங்களை யார் சார் குடிக்கச் சொன்னது?"

"குடிக்காதீங்கன்னு எழுதியிருந்துதா?"

சூப்பர்வைசர் திருதிருவென்று முழித்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் அரிவாளும் கடப்பாரையுமாகப் பொதுச்சேவையில் இறங்கியது. குழந்தைகள் நடமாடுகிற இடத்தில் விஷச்செடியை விட்டுவைக்கலாமா? வேரோடு கெல்லி, குவித்து, கொளுத்தியும்விட்டார்கள். வாட்ச்மேன் ஆர்வத்தில் தீப்பெட்டி கொடுத்து உதவினார்.

இரண்டு வருஷத்தில் சூப்பர்வைசர் முடிக்காத வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஏரிக்கரையில் மருந்துக்குக்கூட ஒரு களை இல்லை.

விடிந்தால் இன்ஸ்பெக்ஷன். சூப்பர்வைசர் மானம், ரோஷம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"மாமா, அந்தக் கொடியில கொஞ்சம்..."

"எது? நான் திருடின கொடியா?"

"தப்புதான் மாமா. நீங்க பெரிய மனசு பண்ணணும். இல்லேன்னா மறுபடி நான் அந்தப் பதிவறைக்குத்தான் போகணும்."

தும்மல் வந்த மாப்பிள்ளையைப் பார்க்க மாமனாருக்கே பாவமாகிவிட்டது. "பாத்துத் தோண்டுங்க. புள்ளை மாதிரி வளத்திருக்கேன்," என்று கொடுத்தார்.

பொழுது சாய்வதற்குள், பொதுப் பணத்தில் களையெடுக்க நியமிக்கப்பட்ட அந்த மனிதர் ஏரிக்கரையில் உட்கார்ந்து களை நட்டார். வாட்ச்மேன் கயிறு பிடித்து வரிசை பார்த்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. அதிகாரி அம்மாள் இறங்கினார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். அதிகம் பேசாதவர். நேராக வேலி ஓரம் போய் நின்றார்.

"இது இங்கேயே முளைச்சதா?"

"ஆமாங்க மேடம். தானா முளைச்சதுங்க."

"வரிசையா முளைச்சிருக்கே?"

"ரொம்ப ஒழுங்கான களைங்க மேடம்."

சூப்பர்வைசரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத்தானா அவர் வர வேண்டும்? கையில் பூவாளியோடு, வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தார் மாமனார்.

"மாப்பிள்ளை! நட்டதோட சரியா? தண்ணி காட்ட வேண்டாமா? பாருங்க, தலை தொங்கிப்போச்சு!"

மேடம் மெதுவாகத் திரும்பினார். "இவர் யாரு?"

"இவரு... களை ஆராய்ச்சியாளர் மேடம்."

"களைக்குத் தண்ணி ஊத்துறாரே?"

"தண்ணி ஊத்தினா எவ்வளவு வேகமா வளருது, அதனால நாட்டுக்கு எவ்வளவு ஆபத்துன்னு அளக்கிறாருங்க."

மேடம் செடிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மாமனாரிடம், "இலையில ஊத்தாதீங்க. வேர்ல ஊத்துங்க," என்றார்.

இது குத்தல்தான், சந்தேகமே இல்லை. சூப்பர்வைசரின் மூக்கில் இப்போதே பதிவறைத் தூசி ஏறியது. உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாமா என்று அவர் வாயைத் திறந்தார்.

"பாதிப்பு கடுமையா இருக்கு. நிதி கட்டாயம் தொடரணும்னு எழுதிடறேன்," என்றார் மேடம்.

"மேடம்?"

"காது கேக்கலையா? நிதி தொடரும்."

சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சூப்பர்வைசருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. மாமனாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாட்ச்மேனைக்கூட மன்னித்தார். அத்தனை பேரையும் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

ஜீப் மட்டும் இன்னும் கிளம்பவில்லை. திரும்பிப் பார்த்தார். டிரைவர் ஒரு மண்வெட்டியும் இரண்டு சாக்கும் எடுத்து வந்து, வேலி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, முதல் செடியை வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், யோவ்! என்னய்யா பண்றே?"

"மேடம்தான் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. சாக்கைக் கொஞ்சம் பிடிங்க சார், நாளைக்கு அடுத்த ஏரியில இன்ஸ்பெக்ஷன், அங்கேயும் ஒத்தைச் செடி இல்லையாம். போன வாரம் மாதிரி விடியக்காலையில வந்து திருட்டுத்தனமா பிடுங்க என்னால ஆகாது!"