காயாத நாற்காலி

நாற்காலியைத் தொட்ட விரல் பச்சையாகத் திரும்பி வந்தது.

“இன்னும் காயலைங்க,” என்றாள் டீச்சர், கணவரிடம்.

மகளின் வருங்கால மாமியார் வரும் நேரம். அவர் மனசு வைத்தால்தான் கல்யாணம் என்று பையன் சொல்லியிருந்தான். அவரோ நேற்று மகளுக்கு இங்கிலீஷில் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார்: ‘ப்ளீஸ், டோன்ட் கோ டு எனி ட்ரபிள்.’

“அவங்களுக்காக எந்தச் சிரமமும் படாதீங்கன்னு சொல்றாங்க. நல்லதாப் போச்சு,” என்று கணவர் காலை நீட்டிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுப்பவள் விடுவாளா? “அது அகராதி அர்த்தம். சிரமப்படுவாங்கன்னு எதிர்பார்க்கிற இடத்துலதான் அப்படிச் சொல்லுவாங்க. சும்மா இருந்து பாருங்க, அப்புறம் தெரியும்.”

அதனால்தான் கூடத்து நாற்காலிகளுக்கெல்லாம் காலையில் பெயிண்ட். சீக்கிரம் காயட்டும் என்று கணவர் ஃபேனை முழு வேகத்தில் வைத்தார். இறக்கையில் இருந்த தூசியெல்லாம் வந்து ஒட்டி, நாற்காலிகளுக்குத் தாடி முளைத்தது. துண்டால் துடைத்தாள், துண்டு நூல் நூலாக அங்கேயே தங்கிவிட்டது. மறைக்கச் செய்தித்தாள் விரித்தார்கள். அதுவும் எழுந்து வர மறுத்தது.

அழைப்பு மணி அடித்தது.

வந்த அம்மாள் பக்கவாட்டிலேயே நடந்து உள்ளே வந்து, சுவரோடு சுவராக நின்றுகொண்டார். பின்னாலேயே அவர் கணவர். உட்காருங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. யாரும் கேட்காமலே, “பரவாயில்லை, நான் நின்னுக்கிறேன்,” என்றார் அந்த அம்மாள். டீயையும் நின்றபடியே குடித்தார். மகள் கண்ணாலேயே அம்மாவைப் பொசுக்கினாள்.

அந்த அம்மாளுக்குக் கோபம்தான், சந்தேகமே இல்லை. டீச்சரே முன்னால் வந்தாள். “மன்னிச்சிடுங்க. நீங்க வர்றீங்களேன்னு நாற்காலிக்குப் பெயிண்ட் அடிச்சேன். காயவே இல்லை. அதான் உட்காரச் சொல்லலை.”

அந்த அம்மாள் தன் கணவரைப் பார்த்தார். அவர் பெருமூச்சு விட்டு, மனைவியின் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். புடவையின் பின்புறம் முழுக்க நீலப் பட்டைகள்.

“எங்க வீட்டு நாற்காலிங்க. பெயிண்ட் காயறதுக்குள்ள இவ மறந்துபோய் உட்கார்ந்துட்டா. பாதி வழியிலதான் பார்த்தோம்,” என்றார் அவர். “நாளைக்கு உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வர்றாளே, அவளும் அதே மெசேஜைத்தான் அனுப்பியிருந்தா.”