மூத்த மாப்பிள்ளை நீல் தீவுக்குப் போன கதை

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாமா நாகமுத்து அவர்களுக்கு, மூத்த மாப்பிள்ளை குணாளன் வணங்கி எழுதுவது. இரும்பாலைப் புகையைத் தவிர வேறு குறையில்லாமல் நானும் வினோதாவும் இங்கே இருக்கிறோம். பழவேற்காட்டில் நீங்களும் அத்தையும், உங்கள் படகும் வலையும் சேதமில்லாமல் இருக்கக் கங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் வினோதா காதில் விழும். விஷயம் அவள் தங்கை செண்பகத்தின் புருஷனைப் பற்றியது.

உங்கள் ஹாலில் டிவிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்களே, சகலை பார்த்திபன் அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போய், முதுகில் சிலிண்டரும் முகத்தில் கண்ணாடி மூடியுமாகக் கடலுக்கடியில் மிதக்கும் படம், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன ஆடித் திருவிழாவில் கூழ் ஊற்றும்போது ஊரே கேட்க நீங்கள், "நாமெல்லாம் கடலு மேல போய்க்கினு வந்துக்கினு கீறோம். எங்க சின்ன மாப்ள கடலுக்கு அடியிலயே போய்ட்டு வந்தவரு" என்று சொன்னீர்கள். அப்போது நான் உங்கள் பக்கத்தில்தான் கூழ் அண்டாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவன். அவரோ அத்திப்பட்டு மின்நிலையத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பவர், படகில் ஏற்றினால் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்பவர். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கிரேன் கேபினில் ஏறி உட்கார்ந்தால் கீழே இரும்புக்குப் பதிலாக அந்தப் படம்தான் தெரிந்தது.

நாமும் போகலாம் என்று வினோதாவிடம் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "செண்பகம் போன ஹேவ்லாக்குக்கே போலாம். எங்க தங்கறது, எங்க துன்றது, எல்லாம் அவளே சொல்லிருவா" என்றாள். அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. பார்த்திபன் கலக்கிவிட்டு வந்த தண்ணீரில் நான் போய் இறங்குவதா? பக்கத்திலேயே நீல் என்று இன்னொரு தீவு இருக்கிறது, அங்கே போகலாம் என்றேன். வினோதா செல்போனில் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஹேவ்லாக்கில் பெரிய கடற்கரையும் நிறைய கடைகளும் இருப்பதாகவும், நீலில் வாழைத்தோப்பும் கத்தரித்தோட்டமும்தான் என்றும் சொன்னாள். "கத்திரிக்கா பாக்கறதுக்கா பிளேன் ஏறணும்? அதுக்கு ஊத்துக்கோட்டை பஸ்ஸே போதுமே" என்றாள். நீலில் ஆமை இருக்கிறது என்றேன். இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது மாமா, வாய்க்கு வந்தது. கடைசியில், "ஆமை மட்டும் இல்லாம போவட்டும், அப்பறம் கீது உனுக்கு" என்று ஒப்புக்கொண்டாள். சகலைக்கு எப்படியோ சேதி போய், அவரே போன் செய்தார். "நீல் நல்ல எடம்ணே. வயசானவங்களுக்கு அமைதியா இருக்கும்" என்றார். எனக்கும் அவருக்கும் நாலே வயதுதான் வித்தியாசம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நீலில் எங்களைத் தண்ணீருக்குள் அழைத்துப் போக ஆளுக்கு ஒரு பயிற்சியாளர் வந்தார். வினோதாவுக்கு வந்தவர் நல்ல உயரம், சுருட்டை முடி. அவர் அவளுக்குப் பெல்ட்டை இறுக்கிவிட்டு இந்தியில் ஏதோ சொன்னார், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சொல்லி அவள் அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவளுக்கோ இந்தி தெரியாது, எதற்குச் சிரித்தாள் என்று யோசித்துக்கொண்டிருந்ததில், எனக்கு வந்தவர் சொல்லிக்கொடுத்த கைச்சாடை எதையும் நான் கவனிக்கவில்லை. இறங்கினோம். காது அடைத்தது, மூக்கைப் பிடித்து ஊதினேன், சரியானது. கீழே பவளப்பாறையைச் சுற்றி மஞ்சள் மீன்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பயிற்சியாளர் கேமராவை என் பக்கம் திருப்பினார். இந்தப் படம் மாமா வீட்டு ஹாலுக்குப் போகப்போகிறது என்ற நினைப்பில் கட்டை விரலை உயர்த்திக் கம்பீரமாகக் காட்டினேன். அவர் என் தோளைப் பிடித்து மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்துவிட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். மறுபடி இறங்கினோம், மறுபடி கேமரா, மறுபடி கட்டை விரல், மறுபடி மேலே. நாங்கள் இப்படியே ஏறி இறங்குவதைப் பார்த்த படகோட்டி, போர்ட் பிளேயர் தமிழர், கடைசியில் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "சார், கட்டை விரலைத் தூக்குனா மேல கூட்டினு போன்னு அர்த்தம். நல்லா இருக்கேன்னு சொல்லணும்னா ரெண்டு விரலை வட்டமா சேத்துக் காட்டணும்." மாமா, எங்கள் ஆலையிலும் கீழே நிற்பவர் கட்டை விரலை உயர்த்தினால் நான் இரும்பை மேலே தூக்குவேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதுதான் என் பிழைப்பு. அவர் விளக்கி முடிப்பதற்குள் எங்கள் நேரமும் முடிந்துவிட்டது. என் படங்கள் அத்தனையிலும் மேலே போய்க்கொண்டிருக்கும் இரண்டு கால்கள் மட்டும் இருக்கின்றன. வினோதாவோ கடைசிவரை கீழேயே இருந்து, ஒரு பெரிய ஆமையோடு பக்கத்தில் பக்கத்தில் நீந்தி, படமும் எடுத்துக்கொண்டு ஏறி வந்து, "நெசமாவே ஆமை கீது" என்றாள்.

ஊருக்கு வந்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. முகமூடி போட்டால் யார் என்று யாருக்குத் தெரியும்? அத்திப்பட்டுக்குப் போய், பெண்கள் சமையலறையில் இருந்த நேரத்தில் ஆமைப் படத்தைச் சகலையிடம் நீட்டி, "நான்தான்" என்றேன். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, "அண்ணே, இது அக்கா" என்றார்.

"உனுக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

"நானும் இதையேதான் பண்ணேன். மாமா ஊட்ல மாட்டிக்கீற படம் செண்பகம்ணே. நான் படகுலயே வாந்தி எடுத்துக்கினு படுத்திருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "மாமாவாண்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்கள மாதிரி நான் ஏரிக்கரைல பொறந்தவன் இல்ல. இந்த ஒரு படத்தாலதான் அவரு என்னைய மதிக்கிறாரு" என்றார். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். எழுதமாட்டேன் என்று செய்யவில்லை.

ஆகவே மாமா, அந்தப் படத்தை உடனே இறக்கி, உண்மையை ஊருக்கு எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். சகலை மேல் எனக்கு எள்ளளவும் பொறாமை இல்லை. நியாயம் நியாயமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் வலை நிறையட்டும், அத்தையின் முட்டிவலி குறையட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மூத்த மாப்பிள்ளை,
குணாளன்

பின்குறிப்பு: நான் தபால்தலை தேடப்போன நேரத்தில் வினோதா இதைப் படித்துவிட்டாள். "எங்கப்பாவுக்கு மொதல்லயே தெரியும்" என்கிறாள். "ஏரில எங்களுக்கு நீச்சல் கத்துக்குடுத்ததே அவருதான். தண்ணிக்குள்ள செண்பகம் காலை எப்டி மடக்குவான்னு அவருக்குத் தெரியாதா? மாப்ள மனசு நோவக்கூடாதுன்னுதான் ஊர் முன்னால அப்டி சொல்லிக்கினு கீறாரு." மாமா, சின்ன மாப்பிள்ளைக்காக, அம்மன் சன்னிதியில், கூழ்க் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல உங்களுக்கு மனசு வந்திருக்கிறது. நான் மூத்தவன். அந்தப் படத்தை இறக்கவேண்டாம். அதன் பக்கத்தில் மாட்ட, ஆமைப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது நான்.