காயம் பட்ட இடம்

தலையே போனாலும் சரி, ராணுவப் பதிவேட்டைத் திருத்தாமல் விடுவதில்லை என்று நார்பர்ட் ஸ்விட்டாலா சபதம் செய்தார். சபதம் செய்த இடம் இரும்புச் சாமான் கடையின் வாசல். அப்போது அவர் முழங்கால் வரை பனிக்குள் இருந்தார்.

எல்லாம் மச்சினன் டுவேனால் வந்தது. கடைக் கதவிலிருந்து நாலே எட்டில் ஓர் ஊதா நிறப் பலகை உண்டு. ‘இந்த இடம் போரில் காயம்பட்ட வீரருக்கு மட்டும்’ என்று அதில் எழுதியிருக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிப்ரவரி மாதம் கதவுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது லேசான காரியமில்லை. சொர்க்கத்தில் இடம் கிடைக்கக்கூட நார்பர்ட்டுக்கு அத்தனை அவசரம் கிடையாது. அந்த ஊதா இடத்தில் தன் டிரக்கை ஒய்யாரமாக நிறுத்திவிட்டு டுவேன் இறங்கினான்.

“என்ன அத்தான், அவ்வளவு தூரத்துல நிறுத்திட்டு நடந்து வர்றீங்க? டாக்டர் நடக்கச் சொன்னாரா?”

“எடம் கெடைக்கலடா.”

“இதோ இங்க காலியாத்தானே இருந்துச்சு! அட, மறந்துட்டேன். உங்களுக்குத்தான் ஊதாப் பதக்கம் இல்லல்ல?”

போரில் எதிரியால் காயம்பட்டவர்களுக்கு ராணுவம் தருவது ஊதாப் பதக்கம். வியட்நாமில் டுவேனுக்குக் காயம் பட்டது வலது கைச் சுண்டு விரலில். அந்தத் தழும்பைப் பார்க்க வேண்டுமானால் வெளிச்சத்துக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பதக்கம். ஊர் நடுவே நிற்கும் போர் நினைவுக் கல்லில் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். நார்பர்ட்டின் உடம்பிலோ குண்டிலிருந்து தெறித்த ஓர் இரும்புத் துண்டே குடியிருக்கிறது. ஐம்பத்தைந்து வருஷமாகக் காலி செய்யவில்லை. ஆனால் கல்லில் அவர் பெயர் மொட்டையாக நிற்கிறது. அந்தக் கல்லைக் கடக்கும்போது மட்டும் அவர் கார் ரேடியோவைத் திருகிக்கொண்டே போவார்.

குற்றவாளி ஒரே ஒரு சொல். அன்றைக்கு முகாமில் கட்டுப் போட்டவன் ஒரு சீட்டில் ‘பின்புறத்தில் காயம்’ என்று கிறுக்கினான். அவன் சொன்னது நார்பர்ட்டின் பின்புறத்தை. அதைத் தட்டச்சு செய்த குமாஸ்தாவோ கண்ணியமான ஆள். போர்முனையின் பின்புறம் என்று எடுத்துக்கொண்டான். சமையல்கூடமும் துணி துவைக்கிற இடமும் இருக்கிற பத்திரமான பின்புறம். ‘போர்முனைக்குப் பின்புறத்தில் ஏற்பட்ட காயம். எதிரிக்குச் சம்பந்தமில்லை’ என்று அடித்து நீட்டினான். குப்புறப் படுத்தபடியே நார்பர்ட் கையெழுத்துப் போட்டார்.

தப்பு என்று தெரிந்தேதான் போட்டார். தப்பு என்று சொன்னால், எந்தப் பின்புறம் என்று விளக்க வேண்டி வரும். முதுகு காட்டி ஓடியவனுக்குத்தானே அங்கே அடிபடும் என்று ஊர் கேட்கும். இருபத்தோரு வயதில் அந்தக் கேள்விக்கு இருந்த பயம் எழுபத்தாறு வயதிலும் அவருக்கு அப்படியே இருந்தது.

மனைவி லவோனிடம் தழும்பு இருக்கும் இடத்தை மறைக்க முடியுமா? அதனால் அவளுக்கென்று தனியாக ஒரு கதை வைத்திருந்தார். துண்டு நுழைந்தது அங்கேதான், ஆனால் அங்கேயே நிற்கவில்லை, சதா ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. பனி வாரும் நாளில் முழங்காலுக்கு வந்துவிடும். புல் வெட்டும் நாளில் இடுப்பில் இருக்கும். பாத்திரம் துலக்கும் நேரம் வந்தால் டாண் என்று தோள்பட்டைக்கு ஏறிவிடும். ஆகவே அவருக்கு நிற்கிற வேலை எதுவும் ஆகாது. சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார வேண்டும். உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போய், கவிழ்த்த வாளியின் மேல் ஆறு மணி நேரம் உட்காரும்போது மட்டும் துண்டு எங்கே போகிறதென்று தெரியாது.

அன்று மத்தியானம் அந்த நாற்காலியில் சாய்ந்தபடி சபதத்தை அறிவித்தார்.

“லவோன், பதிவேட்டைத் திருத்தப் போறேன். பதக்கம் வாங்கப் போறேன். ஒந் தம்பிய அந்த ஊதா எடத்துலேர்ந்து கெளப்பப் போறேன்.”

“முப்பது வருஷமா நானும் இதத்தான் சொல்றேன். பாரத்தக் குடுங்க, நான் நிரப்பறேன்.” லவோன் மாவட்ட அலுவலகத்தில் பத்திரம் பதிந்து ஓய்வு பெற்றவள். காலிக் கட்டத்தைக் கண்டால் அவளுக்குக் கை நமநமவென்று அரிக்கும்.

“வேண்டாம். இது ஆம்பளைங்க விஷயம்.”

“காயமா, பாரமா?”

“ரெண்டும்தான்.”

பதிவுகளைத் திருத்துவதற்கென்றே தலைநகரில் ஒரு வாரியம் இருந்தது. அதன் பாரத்தை நார்பர்ட் வண்டிக் கொட்டகையில் வைத்து ரகசியமாக நிரப்பினார். எல்லாக் கட்டமும் சுலபம். ஒன்பதாவது கட்டம்தான் பல்லைக் காட்டியது. ‘காயம் பட்ட இடம்.’

நார்பர்ட் பேனாவைக் கடித்தார். கொட்டகையை மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு முகம் மலர்ந்து எழுதினார்: ‘வியட்நாம்.’

ஆறு வாரத்தில் பதில் வந்தது. ‘தாங்கள் குறிப்பிட்ட இடம் வரைபடத்தில் உள்ளது. உடம்பில் எங்கே உள்ளது எனத் தெரிவிக்கவும்.’

நார்பர்ட் மறுபடி கொட்டகைக்குப் போனார். ‘காலுக்கு மேலே’ என்று எழுதிப் போட்டார். அதுவும் பொய் இல்லையே.

இரண்டாவது பதில் வந்த நாளில் அவர் ஏரியில் இருந்தார். உறையைப் பிரித்தவள் லவோன். ‘தலையும் காலுக்கு மேலேதான் உள்ளது. எக்ஸ்ரே, மருத்துவர் சான்று, நேரில் கண்ட சாட்சி மூன்றையும் அனுப்பவும்’ என்றிருந்தது. மூன்று மீன்களோடு வீட்டுக்குள் நுழைந்தவரை அவள் வாசலிலேயே மடக்கினாள்.

“ஏங்க, வியட்நாம் உங்க உடம்புல எந்தப் பக்கம் இருக்கு?”

நார்பர்ட் மீன்களைப் பார்த்தார். அவை உதவிக்கு வரவில்லை.

“உள்ளத உள்ளபடி எழுத வேண்டியதுதானே?”

“எழுதுனா பதக்கம் குடுக்கறப்ப மண்டபத்துல சத்தமா படிப்பாங்க. அங்க அடிபட்டவன்னா ஓடுனவன்னுதான் நெனப்பாங்க.”

“ஓடுனீங்களா?”

“ஓடல.”

“பின்ன என்ன பண்ணீங்க?”

“படுத்திருந்தேன்.”

“சண்டை நடக்கறப்பவா? அங்கயுமா?”

நார்பர்ட் மீன்களோடு சமையலறைக்குள் நழுவினார். சாட்சி யார் என்று அவள் விடாமல் கேட்டபோது, எமெட் என்று ஒருத்தன் இருந்தான், நெப்ராஸ்கா பக்கம், இருக்கிறானோ போய்விட்டானோ என்று முனகினார். லவோன் இரண்டே தொலைபேசி அழைப்பில் எமெட்டைப் பிடித்தாள்.

எக்ஸ்ரே எடுக்க முன்னாள் வீரர்களுக்கான ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நார்பர்ட் திரைக்குப் பின்னால் கால்சராயை மாட்டுவதற்குள் டாக்டர் லவோனிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து ஏதோ நெடுநேரம் சொன்னார். அவள் கன்னத்தில் குழி விழ விழத் தலையாட்டினாள்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“நல்ல சேதிதான். சமயம் வரட்டும், சொல்றேன்.”

கல்யாணமாகி ஐம்பத்து மூன்று வருஷம் ஆன மனிதர் அந்த இடத்தில் சுதாரித்திருக்க வேண்டாமா? நார்பர்ட் சுதாரிக்கவில்லை. கேண்டீனில் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார்.

அடுத்த வாரம் எமெட்டின் கடிதம் வந்தது. லவோன் சமையலறை மேஜையில் வைத்து வாய்விட்டுப் படித்தாள்.

‘நார்பர்ட்டுக்கு அடிபடும் முன்பே எனக்குக் கால் போய்விட்டது. என்னை ஒரு குழிக்குள் தள்ளி, என் மேல் நார்பர்ட் குப்புறப் படுத்துக்கொண்டான். நீயாவது ஓடிப் போடா என்று கத்தினேன். போகவில்லை. குண்டு விழுந்த நேரத்தில் எங்கள் இருவரிலும் உயரமாக இருந்தது அவனுடைய பின்புறம்தான். கடவுள் அதை மிக விசாலமாகப் படைத்திருந்தார். கொஞ்சம் ஒல்லியானவன் படுத்திருந்தால் நான் இல்லை. எனக்கு இப்போது ஒன்பது பேரப்பிள்ளைகள். ஒன்பதும் அந்தப் பின்புறத்தின் தயவு.’

லவோன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

“இத்தன வருஷமா இத ஏங்க எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா சிரிப்பேன்னு நெனச்சேன்.”

“சிரிப்பும்தான் வருது,” என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். பிறகு எழுந்து வந்து அவருடைய வழுக்கைத் தலையில் ஒரு முத்தம் வைத்தாள்.  பதக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை என்று அந்த நிமிஷம் நார்பர்ட்டுக்குத் தோன்றியது. ஒன்பதாவது கட்டத்தை அவளே நிரப்பினாள், அச்செழுத்துப் போன்ற கையெழுத்தில், ஒரே சொல். டாக்டரின் காகிதத்தையும் கூடவே வைத்து ஒட்டினாள்.

இலையுதிர் காலத்தில் வாரியம் இறங்கி வந்தது. பதிவேடு திருத்தப்பட்டது. முன்னாள் வீரர்கள் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தோடு பதக்கம் தருவதென்று முடிவாயிற்று. ஊரே தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தது. டுவேன் மட்டும் தாமதமாக, மூச்சு வாங்க வந்து சேர்ந்தான்.

மண்டபத் தலைவர் பாராட்டுப் பத்திரத்தை மைக்கில் படித்தார். ‘பின்புறம்’ என்ற சொல் அதில் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் நார்பர்ட் தன் ஷூவைப் பார்த்தார். படித்து முடித்ததும் தலைவர் காகிதத்தை மடித்தார். சரி, இதோ சிரிக்கப் போகிறார்கள் என்று நார்பர்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தார். டுவேன் எழுந்து நின்றான். விறைப்பாக, சுண்டு விரல் உள்பட ஐந்து விரலும் சேர்த்து, ஒரு சல்யூட் அடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. பின்னாலேயே மண்டபம் முழுவதும் எழுந்தது.

“அத்தான்,” என்றான் அருகில் வந்து, “இனிமே அந்த ஊதா எடம் உங்களுது. நான் பனியில நடந்து வர்றேன்.”

திரும்பும் வழியில் நினைவுக் கல்லுக்குப் பக்கத்தில் நார்பர்ட் காரை நிறுத்தச் சொன்னார். புது நட்சத்திரம் பளபளவென்று இருந்தது. முதல் தடவையாக அவர் ரேடியோவை அணைத்துவிட்டு அந்தக் கல்லைப் பார்த்தார். வாழ்க்கையில் இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒன்றே ஒன்று. வீட்டுக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, பதக்கத்தைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனார். நாற்காலி இருந்த இடத்தில் கம்பளத்தில் நாலு குழிகள் இருந்தன.

“லவோன்! நாற்காலி எங்க?”

“நாம கெளம்புனதும் டுவேன் வந்து டிரக்குல ஏத்திட்டுப் போயிட்டான். அதான் மண்டபத்துக்கு லேட்டு.”

“அவனுக்கு எதுக்கு எந் நாற்காலி?”

“அவனுக்குச் சுண்டு விரல்லதானே காயம். அவன் உக்காரலாம்.”

லவோன் கைப்பையிலிருந்து டாக்டரின் காகித நகலை எடுத்தாள். ஆறு மாதம் பொறுத்திருந்தவள், நிதானமாகப் படித்தாள். ‘இரும்புத் துண்டு நுழைந்த இடத்திலேயே உள்ளது. ஐம்பத்தைந்து ஆண்டுகளில் இம்மியும் நகரவில்லை. அதன் மேல் உட்காருவதை இயன்றவரை தவிர்க்கவும். நிற்பது, நடப்பது, குனிந்து நிமிர்வது யாவும் மிக நல்லது.’

“முழங்கால்ல வலிக்குமே, அது?”

“அங்க இல்லன்னு போட்டிருக்கு.”

“தோள்பட்டை?”

“எக்ஸ்ரேல அங்கயும் தேடச் சொன்னேன். இல்ல.”

“மீன் பிடிக்கிற வாளி?”

“அதையும் டுவேன்தான் எடுத்துட்டுப் போனான்.”

“டாக்டருங்க சொல்றது ஆயிரம் இருக்கும், லவோன்.”

“இது டாக்டர் சொல்றது மட்டும் இல்லீங்க. வாரியம் முத்திரை போட்டு பதிவேட்டுல ஏத்தியாச்சு. மாத்தணும்னா மறுபடி மனு போடணும். சாட்சியோட.”

நார்பர்ட் எமெட்டை நினைத்துப் பார்த்தார். சாட்சி சொல்ல இன்னொரு ஆள் இல்லை.  லவோன் ஆதரவாக அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்கு நடத்திப் போனாள். மீன் வறுவலுக்கு அவள் செய்துகொண்டு போன பண்டங்களின் பாத்திரங்கள் எல்லாம் சிங்க்கில் கோபுரமாக நின்றன. பதக்கம் நனைந்துவிடக் கூடாதே என்று அவளே அதற்கு மேல் ஏப்ரனைக் கட்டிவிட்டாள்.

அப்போதுதான் நார்பர்ட் நிமிர்ந்து பார்த்தார். சிங்க்குக்கு மேலே, இரும்புச் சாமான் கடையிலிருந்து வாங்கி வந்த ஊதா நிறப் பலகை ஒன்று, நாலு மூலையிலும் ஆணி அடித்து மாட்டப்பட்டிருந்தது. ‘இந்த இடம் போரில் காயம்பட்ட வீரருக்கு மட்டும்.’

“கதவுக்கு எவ்வளவு பக்கத்துல குடுத்திருக்கேன் பாருங்க,” என்றாள் லவோன், “பனியில நடக்கவே வேண்டாம்.”