பெற்றோர்களுக்குப் புரியும்படி

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படிப் பல முடிவுகள் செய்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுக்குக்கூட என் மனைவி ஒப்புதல் தந்ததில்லை. ஆனால் இது மகளின் எதிர்காலம். பத்தாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். இனி சனி, ஞாயிறு இரண்டு நாளும் கோச்சிங் வகுப்பு. விடிந்ததும் போனால் இருட்டியபின் வரலாம். அவளோ வார இறுதியில் மிருக ஆஸ்பத்திரிக்கு உதவிக்குப் போகிறேன் என்கிறாள். நாயைக் குளிப்பாட்டுவது, பூனைக்குக் கட்டுப்போடுவது. அங்கிருக்கும் டாக்டரம்மாவும் வரச் சொல்லிவிட்டாராம்.

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டுத் தோற்று அலுத்துவிட்டது. கோச்சிங் சாரைத் தனியாகப் பார்த்து ஓர் இடம் பிடித்து வைத்தேன். சனிக்கிழமை காலை, "சின்ன வேலை இருக்கு, வா" என்று மகளை அழைத்துப்போய் அங்கே உட்காரவைத்துவிட்டால் தீர்ந்தது.

ஒரே ஒரு சங்கடம், என் உத்தியோகம். பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவன், இரண்டு பாஷையிலும் படித்தவன் என்று கல்வி அலுவலகத்தில் என்னைப் பெற்றோர் தொடர்பு அதிகாரி ஆக்கினார்கள். இரண்டு பாஷையிலும் யாருக்கும் புரியாமல் எழுதுவேன் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அலுவலகம் இப்போது புதுக் கொள்கை ஒன்று கொண்டுவந்திருக்கிறது. மதிப்பெண் மட்டுமே வெற்றியல்ல. பிள்ளை தானே யோசித்து, தானே முடிவெடுக்கக் கற்பதுதான் வெற்றி. இதை வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு பள்ளியில், பெற்றோர்களுக்கு நான் விளக்க வேண்டும்.

உத்தியோகம் வேறு, வீடு வேறு. தீயணைப்புக்காரர் வீட்டில் அடுப்பே பற்றவைக்கக் கூடாதா என்ன?

எழுதியதை முதலில் மனைவியிடம் படித்துக்காட்டுவது வழக்கம். அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. டாக்டர்கள் கிறுக்கியதைப் பார்த்து, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று சொல்லிப் பழகியவள். அவளுக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும்.

"முழுமையான மாணவர் வெற்றிக்கான தொலைநோக்குச் சட்டகம்," என்று ஆரம்பித்தேன்.

"கண்ணாடிக் கடை விளம்பரமா?"

"புதுக் கொள்கை. கேளு. கற்போரின் தன்னியக்க முடிவெடுக்கும் திறனை..."

"தன்னியக்கமா? பிள்ளையா, வாஷிங் மிஷினா?"

"அதாவது, பிள்ளைங்களே முடிவெடுக்கணும்."

"அத அப்படியே சொன்னா என்ன?"

"சொன்னா ஒரே வரியில முடிஞ்சிடும். நான் அரை மணி நேரம் பேசியாகணுமே."

"அப்ப ஒரு உதாரணம் சொல்லுங்க. கொள்கைன்னா கொட்டாவி விடுவாங்க. ஒரு வீட்டுல நடந்ததுன்னா காதக் கொடுத்துக் கேப்பாங்க."

"எந்த வீட்டுல?"

"நம்ம வீட்டுலதான். பொண்ணு மிருக ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு கேட்டா, நான் சரின்னுட்டேன்னு சொல்லுங்களேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் சரின்னு சொல்லவே இல்லையே."

"கூட்டத்துக்குத்தானே சொல்றீங்க. அங்க உங்கள யாருக்குத் தெரியும்?"

"நீ வருவியா?"

"எங்கங்க வர்றது? அன்னிக்குக் கடையில சரக்கு வந்து இறங்குது."

யோசித்துப் பார்த்தேன். மறுகோடியில் சொன்னதை இங்கே யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை மேடை ஏறினேன். தொலைநோக்கை விரித்தேன். முன்வரிசையில் ஒருவர் விட்ட கொட்டாவியில் அவருடைய கடைவாய்ப்பல் வரை தெரிந்தது. ஒரு குழந்தை அழுதது. என் பேச்சுக்கு அது பரவாயில்லை என்று யாரும் அதை அடக்கவில்லை. சரி, இனி உதாரணம்தான் கதி.

"என் மகள் கேட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. தூக்கம் வரவில்லை. ஆனால் அது அவள் வாழ்க்கை. 'போய் வாம்மா' என்று சொல்லிவிட்டேன்."

கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் குரல்கூடக் கம்மியது. அதை நான் எழுதி வைத்திருக்கவில்லை, தானாக வந்தது. கைதட்டல் அடங்க நேரமானது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல். மேடை விளக்கு கூசியதில் ஆள் தெரியவில்லை.

"சார், உங்க பொண்ணு எப்போலேருந்து போறாங்க?"

பொய் என்று ஆனபின் தேதியில் என்ன கஞ்சத்தனம்? "நாளையிலேருந்தேம்மா."

"உறுதியா சொல்றீங்களா?"

"இத்தனை பேர் முன்னாடி சொல்றேனே."

"ரொம்ப நன்றிங்க."

இந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் தினமும் கண்விழிக்கிறேன். விளக்கை மறைக்க நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தேன். பின்வரிசையில் என் மனைவி. பக்கத்தில் மகள். அதற்கும் பக்கத்தில், இன்னும் கைதட்டிக்கொண்டு, கோச்சிங் சார்.

கூட்டம் முடிந்து வாசலில் அவளைப் பிடித்தேன். "சரக்கு இறங்குதுன்னியே?"

"இறங்கிடுச்சு. பெற்றோர் யார் வேணும்னாலும் வரலாம்னு நோட்டீஸ்ல நீங்கதானே போட்டிருந்தீங்க. அந்த ஒரு வரிதான் தெளிவா இருந்துச்சு."

"கோச்சிங் சார்?"

"அவர் தலைவலி மாத்திரை வாங்குறது எங்க கடையிலதான். நீங்க இடம் பிடிச்சத அவர்தான் சொன்னார். ஒரு நல்ல கூட்டம் இருக்கு, வாங்கன்னேன்."

கோச்சிங் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மனசத் தொட்டுட்டீங்க சார். அந்த இடத்த இப்பவே வேற பிள்ளைக்குச் சொல்லிட்டேன்."

மகள் என் தோளில் சாய்ந்தாள். "நிஜமாவே தூங்கலயாப்பா?"

"நிஜம்தான்மா," என்றேன். தூங்காதது நிஜம், காரணம்தான் வேறு: அவளைக் கோச்சிங்கில் கொண்டுபோய் உட்காரவைக்கும் யோசனை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் காரணத்தை மாற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்போது எங்கள் மேலதிகாரி வந்தார். "பிரமாதம். இதுவரைக்கும் எந்தக் கூட்டத்துலயும் பெற்றோர் இப்படிக் கேட்டதில்ல. பாக்கிப் பள்ளிகள்லயும் நீங்களே பேசிடுங்க. ஒரு வார்த்தை மாத்தக் கூடாது."

நான் மனைவியைப் பார்த்தேன்.

"பேசிட்டு வாங்க," என்றாள். "நாலு இடத்துல சொன்னீங்கன்னா உங்களுக்கே புரிஞ்சிடும்."