மின்தடைக்கு அஞ்சாத மழலைகள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெரிய காரியம், உடையார்கட்டு முன்பள்ளியில் நடந்த 'மின்தடை வேளையில் மழலையரை அமைதிப்படுத்தும் செயலமர்வு'தான். அந்த ஊரில் கரண்ட் போய் எட்டு வருசமாகியிருந்தது. ஆனால் என்ன, பிந்தி வந்தாலும் அறிவு அறிவுதானே.

முன்பள்ளி ஆசிரியை பத்மாசனி, வவுனியாவிலிருந்த 'மழலையர் மனச்சமநிலை மேம்பாட்டு மைய'த்திடம் உண்மையில் கேட்டது பனங்குற்றி. பள்ளிப் பதுங்குகுழியின் கூரைக் குற்றிகளைக் கறையான் தின்று, மாரி மழையோடு எல்லாம் சரிந்துவிட்டது. ஊர்ப் பனைகளோ, இடம்பெயர்ந்து வந்த சனத்தின் குழிகளுக்கே காணாது. குண்டுபோட கிபிர் விமானம் வந்தால் பிள்ளைகள் கூரையில்லாத குழிக்குள் வானத்தைப் பார்த்தபடி குந்தியிருக்க வேண்டும். காதை வானத்தில் வைத்துக்கொண்டுதான் பத்மாசனி தினமும் பள்ளியைத் திறந்தாள். மையம் அவளுடைய கோரிக்கையைக் 'கூர்ந்து ஆராய்ந்து' இணைப்பாளர் தவராசாவை அனுப்பிவைத்தது.

"குற்றி கொண்டந்தனீங்களோ, ஐயா?"

"குற்றி உக்கிப்போற சாமான், ரீச்சர். நான் கொண்டந்தது மனவலிமை. முதலில பிள்ளையளின்ர பயத்தை அளப்பம். பயம் இருந்தால் குற்றிக்குச் சிபாரிசு செய்யலாம்."

செயலமர்வு ஆரம்பமானது. கரண்ட் போனால் தலைமாட்டில் இருக்கும் ரோச் லைற்றை எடுக்க வேண்டும் என்றார் தவராசா. மேலதிக பற்றரி கைவசம் இருப்பது நல்லது என்றார். அவர் கொண்டுவந்த பற்றரிகளைத் தடைசெய்த சாமான் என்று இராணுவச் சோதனைச்சாவடியில் பறித்துவிட்டார்கள். அறிவுரையை மட்டும் ஒருவரும் மறிக்கவில்லை. அடுத்ததாக, மூச்சை இழுத்து விட்டு, "பயப்பிடாதேங்கோ, கரண்ட் இப்ப வந்திடும்" என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இதைப் பாட்டுப்போலப் பாடமாக்கினார்கள்.

"கரண்ட் எண்டால் ஆர், சேர்?" என்று லக்சிகா கேட்டாள்.

"பொறுங்கோ, காட்டிறன்."

இருள் கவிகிற மம்மல் பொழுதில், ஊருக்குப் படம் காட்டுகிற சின்னராசாவின் ஜெனரேற்றர் உறுமியது. பள்ளிக் கொட்டிலுக்குள் பல்ப் பளிச்சென்று எரிந்தது. பிறகு அதை அணைத்து, பிள்ளைகள் பதறுவதை அளப்பதுதான் திட்டம். ஆனால் ஜாம்போத்தல் விளக்கைக்கூட மறைத்து வைக்கப் பழகிய பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நன்றாகத் தெரியும்: வெளிச்சம் வெளியே தெரிந்தால், மேலே வருகிறவனுக்கும் தெரியும். ஒருவரும் சொல்லாமலே எழும்பி, வரிசையாகக் குழிக்குள் இறங்கினார்கள். சேற்றில் குந்தி, குண்டு விழும்போது செய்யப் பழகியபடி காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். ஒரு முனகல்கூட இல்லை.

தவராசா பல்பை அணைத்தார். பிள்ளைகள் சேற்றோடு ஏறி வந்து, பழைய இடத்தில் இருந்தார்கள்.

"அருமை, ரீச்சர். கரண்ட் போனவுடனை எவ்வளவு அமைதி. இஞ்ச பயமே இல்லை. பிறகென்னத்துக்குக் குற்றி?"

"ஐயா, அதுகள் பயத்திலதான் ஓடினதுகள்."

"பயந்த பிள்ளை அழும். உங்கட பிள்ளையள் அழேல்லை. விஞ்ஞானம் அப்பிடித்தான் சொல்லுது."

குழிக்குள் சத்தம் போடக்கூடாது என்று பிள்ளைகளைப் பழக்கியவளே பத்மாசனிதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவளுடைய தவளைக்குஞ்சுகள் கத்தாமல் கெட்டன.

மறுநாள் அவள் பாடத்திட்டத்தைத் திருத்தினாள்.

"பிள்ளையள், இனி ஆரும் சேர்மார் வந்தால் எல்லாரும் கத்தி அழவேணும். எங்க, ஒருக்கா அழுங்கோ பாப்பம்."

பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். கண்ணைக் கசக்கினார்கள். ஒருவருக்கும் அழுகை வரவில்லை. பத்மாசனிக்குத்தான் வந்தது. கதிரையில் இருந்து விக்கி விக்கி அழுதாள்.

லக்சிகா எழும்பி வந்து அவளுடைய முழங்காலைத் தடவினாள்.

"மூச்சை இழுத்து விடுங்கோ, ரீச்சர். பயப்பிடாதேங்கோ. கரண்ட் இப்ப வந்திடும்."

மையத்தின் பயிற்சி நூறு வீதம் வெற்றி. குற்றிதான் இன்னும் வந்து சேரவில்லை.