முள்ளம்பன்றி வாங்கிய குடும்பக் கார்

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. விவரமானது, நாலு பேரிடம் விசாரிக்காமல் எதையும் வாங்காதது என்று பெயர் எடுத்தது. பெயர் எடுத்தது என்றால், அதுவாகவே எடுத்துக்கொண்டது. அந்த மகா புத்திசாலி வேறு யாருமில்லை, நான்தான்.

என் மச்சினன் தில்லைவாணன் அடுத்த மலையில் இருக்கிறான். அவன் மகளுக்குக் காதுகுத்து வைத்தான். (எங்கள் இனத்தில் அதற்கு ஊசி வாங்குகிற செலவு கிடையாது.) நாங்கள் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் பந்தி முடிந்து பாயச அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி வடிவாம்பாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இந்தாங்க, அவன் புதுவீட்டுல பால் காய்ச்சுறதுக்குள்ள ஒரு கார் வாங்குங்க. புள்ளைங்களோட எல்லாரும் ஒண்ணா அவன் வாசல்ல போய் இறங்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

அவ்வளவுதானே! குடும்பத்துக்குப் பெரிய செடான்தான் சரி என்று ஆராய்ச்சியில் இறங்கினேன். மைலேஜ் பற்றி ஆமையிடம் விசாரித்தேன். ஆமை கார் ஓட்டியதே இல்லை, ஆனால் அரை நாள் பேசியது. ஷோரூமுக்கு எங்கள் வீட்டு இட்லிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு போய் டிக்கியில் வைத்துப் பார்த்தேன். வண்டியின் வயிறு மேட்டில் தட்டுமா என்று அடியில் படுத்தும் பார்த்தேன். கார் விற்கிற நரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது.

"சார், ஃபேமிலியைக் கூட்டிட்டு வந்து ஒரு தடவை உட்கார வெச்சுப் பாருங்களேன்."

"அதுங்களுக்கு என்னப்பா தெரியும்? நான் பார்த்தாப் போதாதா?"

ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சீட்டு நுனியில் உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டினேன். பிரமாதம்!

கார் வீட்டுக்கு வந்தது. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. வடிவாம்பாள் பட்டுப்புடவையோடு கதவைத் திறக்க, குட்டிகள் முந்திக்கொண்டு பின்சீட்டில் தொப்பென்று விழுந்தன. சீட்டின் பிளாஸ்டிக் உறையை நான் கழற்றவில்லை. நம்மில் யார் கழற்றுகிறோம்? 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். உறையோடு சேர்ந்து சீட்டும் கிழிந்து பஞ்சு எட்டிப்பார்த்தது.

"ஐயையோ! எந்திரிங்கடா! எல்லாம் எந்திரிங்க!"

மைலேஜைப் பார்த்தேன், டிக்கியைப் பார்த்தேன். நாங்கள் முள்ளம்பன்றிகள் என்பதைப் பார்க்கவில்லை.

பால் காய்ச்சுகிற நாள் வந்தது. வடிவாம்பாள் பூ வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"வடிவு, கோவிச்சுக்காத. வண்டி புதுசு. நீ புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு பஸ்ல வா. நான் காரைப் பத்திரமாப் பின்னாலயே ஓட்டிக்கிட்டு வரேன்."

அவள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு விடுவிடுவென்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாகக் குட்டிகள் எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே வந்தன. நான் ஏசியைப் போட்டுக்கொண்டு, அதே சீட்டு நுனியில் உட்கார்ந்து போனேன். பஸ் ஊர் ஊராக நின்றதில் நான் முந்திவிட்டேன்.

"வாங்க அத்தான்! அக்கா எங்க? சண்டையா?" என்றான் தில்லைவாணன்.

நான் தலையைச் சொறிவதற்குள் பஸ் வந்துவிட்டது. வடிவாம்பாள் கசங்கின புடவையோடு இறங்கி, பளபளவென்று நின்ற காரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி, மொதப் பந்தியில இந்தக் காருக்கு ஒரு இலை போடு. எங்க வீட்டுக்கு மூத்த புள்ள இதுதான்."

சொல்லிவிட்டுக் குட்டிகளோடு சாப்பிடப் போய்விட்டாள். சொந்தக்காரர்கள் எல்லாரும், "புதுக் காரா? கொஞ்சம் உட்கார்ந்து பார்க்குறோமே!" என்று முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வந்தார்கள். கதவை மறித்துக்கொண்டு காவல் நின்றேன். எல்லாரும் போன பிறகு நான் பந்திக்குப் போனேன்.

பாயச அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

நீதி: குடும்பக் கார் நீடித்து உழைக்க வேண்டுமானால், குடும்பத்தை அதில் ஏற்றக் கூடாது.